எடையில்லாத டிவியும் அம்மாவின் அடுப்பும்

“எடையே இல்லாத பொருளுக்கு எப்படிம்மா காசு குடுக்கிறது?”

தேரடிக்குப் பக்கத்தில் ஒரு டிவி கடையின் மாடியில் நின்றுகொண்டு அப்பா என்னிடம் இப்படிக் கேட்டார். எதிரே மேடைமேல் ஒரு எல்சிடி டிவி ஓடிக்கொண்டிருந்தது. விற்பனையாளர் வேறு பக்கம் திரும்பியிருந்த நேரத்தில், அப்பா அதன் அடி ஓரத்தில் விரல்களைக் கொடுத்து லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டார். தள்ளுவண்டியில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, முற்றல் என்று திரும்ப வைப்பவரின் முகம் அவருக்கு வந்திருந்தது.

பக்கத்திலேயே ஏறக்குறைய அதே அளவில் ஒரு பிளாஸ்மா. அதற்கும் விரலைக் கொடுத்தார். அசையவில்லை. இன்னொரு கையையும் சேர்த்தார். மனசே இல்லாமல் ஒரு நூல் அளவு எழுந்தது.

“இது பொருளு,” என்றார்.

என் கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. பத்து நாள் எழுதி, அடித்து, திரும்ப எழுதி நான் கண்ட முடிவு அதன் கடைசிப் பக்கத்தில் இருந்தது. எல்சிடி. அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டியவள் நான் ஒருத்திதான். கல்லூரியையும் தாண்டியிருந்தேன். இரண்டு கோடு போட்ட ஒரு முடிவை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்கிற வயதும் இல்லை அது.

குடை, டம்ளர், அம்புக்குறி

அப்பா ஏன் டிவியைக் கண்ணால் பார்க்காமல் கையால் பார்த்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

அவர் லோடுமேன். எங்கள் ஊரில் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் கடைகளிலிருந்து வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் மாடி அறைகள், சன்னதித் தெருவின் குறுகலான படிக்கட்டுகள், கீழ்பென்னாத்தூர் பக்கம் வரப்பு தாண்டிப் போகும் வீடுகள், எல்லாமே அவருக்குத் தோளால் பழக்கம். ஒரு தெருப் பெயரைச் சொன்னால், “படி ஒசரம் ஜாஸ்தி, திருப்பத்துல எடம் கம்மி,” என்பார். அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பது அதற்கு அப்புறம்தான்.

பழைய காலத்துப் பெட்டி டிவியைத் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்துத் தலைமேல் ஏற்றிக்கொண்டு போவாராம். கனமான பெட்டி நல்ல பெட்டி. தூக்கும்போது உள்ளே எதுவும் ஆடக்கூடாது. இவைதான் அவருடைய சாத்திரம்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்த படங்கள் அத்தனையும் தெரியும். டம்ளர் படம் இருந்தால் உடையும். குடை இருந்தால் நனையக் கூடாது. மேல் நோக்கிய அம்புக்குறி இருந்தால் படுக்கப் போடக் கூடாது. நான் சின்ன வகுப்பில் இருந்தபோது ஒரு காலிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, “நீ உன் புக்கப் படி, நான் என் புக்கப் படிக்கிறேன்,” என்று குடை, டம்ளர், அம்பு என வரிசையாக விரல் வைத்து வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பெட்டியில்தான் என் பாடப்புத்தகங்கள் பல வருஷம் இருந்தன.

இப்படி இருபது வருஷம் அடுத்தவர் வீடுகளுக்குத் தூக்கியவர், தன் வீட்டுக்கு என்று காசு கொடுத்து வாங்கிய ஒரு டிவியைத் தூக்கியதில்லை. எங்களிடம் இருந்தது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சின்ன கலர் டிவி. அதை வாங்கி வந்த அன்று மட்டும் சும்மாடு இல்லாமல், குழந்தையைப் போல மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார்.

நோட்டில் இருந்த கட்டங்கள்

ரமணாசிரமம் பக்கத்து விடுதி ஒன்றில் வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அந்த மேசையில் ஒரு கம்ப்யூட்டரும், அதில் இன்டர்நெட்டும் இருந்தன. மதியம் விருந்தாளிகள் தூங்கும் நேரத்தில் விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. அந்த நேரத்தில்தான் நான் பிளாஸ்மாவையும் எல்சிடியையும் படித்தேன்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் தீபாவளிக்கு எனக்குப் போனஸ் வந்தது. “டிவி வாங்கலாம்ப்பா, எச்டி டிவி,” என்றேன்.

“எச்டின்னா இன்னா?”

“படம் ரொம்பத் தெளிவா இருக்கும்.”

“எவ்ளோ தெளிவா?”

“தலைமுடி தனித்தனியாத் தெரியும்.”

“நம்ம வீட்ல எண்ணெ வெச்ச முடியே தனித்தனியாத் தெரிய மாட்டேங்குது,” என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள்.

நோட்டில் கட்டம் கட்டினேன். இடப்பக்கம் பிளாஸ்மா, வலப்பக்கம் எல்சிடி. பிளாஸ்மாவில் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும். வேகமாக ஓடும் காட்சி மங்காது. ஆனால் கனம். சூடாகும். கரண்டு அதிகம் இழுக்கும். முகப்பு கண்ணாடி என்பதால் வாசல் வெளிச்சம் அதில் விழுந்து எதிரொளிக்கும். எல்சிடியில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாக இருக்கும், ஆனால் பகல் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும், கரண்டும் குறைவு.

அது மின்வெட்டுக் காலம். வந்தால் வந்தது, போனால் போனது. வாசலைப் பகலெல்லாம் திறந்தே வைத்திருக்கும் வீடு எங்களுடையது. கட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் எல்சிடி தெளிவாக ஜெயித்தது.

இதற்குள் அப்பா தன் லோடு ஸ்டாண்டில் போய்ச் சொல்லிவிட்டார். “எந்த டிவின்னு எம் பொண்ணு சொல்லும். அது சொல்றதுதான் வாங்கறோம்.”

அப்பாவோடு ஜோடியாகச் சுமை தூக்குகிறவர் பச்சையப்பன் சித்தப்பா. அவர் விடவில்லை.

“நாம எத்தினி டிவி தூக்கியிருப்போம் ஏழுமல? நம்மளக் கேக்க மாட்ட. புள்ள நோட்டுல எழுதிப் பாத்து சொல்லணுமா?”

“நீ தூக்கினது டப்பாவ. உள்ள இருக்கிறது உனக்குத் தெரியுமா?”

“உனக்குத் தெரியுமா?”

“எனக்கும் தெரியாது. அதனாலதான் அதக் கேக்கறேன்.”

இதைச் சித்தப்பாவே வந்து எங்கள் வாசலில் நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். நான் மட்டும் உள்ளே போய் நோட்டை மறுபடி திறந்தேன். டிவி வாங்குவது பற்றி எல்லாம் தெரிந்த பத்துப் பேர் முன்னால் அப்பா என் பெயரைச் சொல்லிவிட்டார். நான் தப்பான டிவியை வாங்கினால் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவ்வளவு படிக்க வைத்தாயே என்பார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அதனால்தான் இரண்டு கோடு.

தூணுக்குப் பக்கத்தில்

கடைக்கு மூன்று பேரும் போனோம். அம்மா செருப்பைக் கீழே தெருவிலேயே விட்டுவிட்டு வெறும் காலோடு மாடி ஏறினாள். “எல்லாரும் போட்டுனுதான்மா வராங்க,” என்று சொல்லியும் கேட்கவில்லை.

“வாங்க சார், வாங்கம்மா,” என்று விற்பனையாளர் அழைத்தார். அப்பாவை அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் பின்வாசல் வழியாகப் பெட்டி எடுக்க வருபவர்தானே. அன்று முன்வாசல் வழியாக வந்ததால் சார் ஆகிவிட்டார். அப்பாவுக்கு அந்த ‘சார்’ காலில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது. விரலைக் கொடுத்து டிவியைத் தூக்கிப் பார்த்தது அப்போதுதான்.

எடை பற்றிய அவருடைய கேள்விக்கு நான் நோட்டைத் திறந்தேன்.

“எடைக்கும் படத்துக்கும் சம்பந்தம் இல்லப்பா. இது கரண்டு கம்மியா எடுக்கும். நம்ம வீட்டு வெளிச்சத்துக்கு இதுதான் சரி.”

“பாப்பா கரெக்டா சொல்லுது சார்,” என்றார் விற்பனையாளர். “பிளாஸ்மா கரண்டு குடிக்கும்.”

“அப்ப சரி,” என்றார் அப்பா. ஆனால் கை பிளாஸ்மாவின் தலைமேலேயே இருந்தது.

அம்மாவுக்கு வேறு கவலை. “பொட்டு எங்க வெக்கிறது?” என்று கேட்டாள்.

விற்பனையாளருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிவியின் கண்ணாடியை விபூதி தொட்டுத் துடைத்து, மூலையில் மஞ்சள் குங்குமம் வைப்பது அம்மாவின் வழக்கம். விபூதி போட்டுத் துடைத்தால் கண்ணாடி எப்படி மின்னும் என்பதை அவள் அவருக்கு விளக்கினாள். அவர் பதறிப் போய், “எல்சிடி மேல அழுத்தித் துடைக்கவே கூடாதும்மா, உள்ள அடிபட்டுடும். சட்டத்து மேல வெச்சிக்குங்க,” என்றார்.

“சட்டம் கறுப்பா இருக்குது, குங்குமம் தெரியாதே,” என்றாள் அம்மா. அதோடு விலகிப் போய், சுவர் ஓரமாக இருந்த ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

இரண்டு டிவியிலும் ஒரே படம்தான் ஓடியது. சிவப்புப் பட்டு கட்டிய ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். நான் எல்சிடியின் நேர் எதிரே நின்று, அவள் தலைமுடி தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தது.

“அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு மூஞ்சில சாம்பல் பூசிக்கினு இருக்குது?”

அம்மாதான், தூணிலிருந்து.

“சாம்பலா? எங்க?”

“இந்த டிவில சாம்பல். அந்த டிவில நல்லா இருக்குறா. பொடவகூட இதுல வெளுத்துப் போச்சி.”

விற்பனையாளர் சிரித்தார். “அங்கருந்து பாத்தா அப்படித்தாம்மா தெரியும். நேரா வந்து நின்னு பாருங்க.”

“வீட்ல நான் எப்பங்க நேரா நின்னு பாத்தேன்?”

அதை அம்மா குறையாகச் சொல்லவில்லை. யாராவது வழி கேட்டால், மூன்றாவது தெரு, இடப்பக்கம் என்று சொல்வது போலச் சொன்னாள்.

எங்கள் வீட்டை இங்கே கொஞ்சம் வரைந்து காட்ட வேண்டும். கோயிலின் பே கோபுரத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு ஹால், அதற்குப் பின்னால் ஒரு சமையலறை. அம்மா தட்டை, முறுக்கு, அதிரசம் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவள். சாயங்காலம் முழுக்க அடுப்பு எரியும். அடுப்புக்கு எதிரே ஹாலைப் பிரிக்கும் ஒரு சுவர். வலப்பக்கம் கொஞ்சம் தள்ளிக் கதவு. அந்தக் கதவு வழியாகக் கழுத்தைத் திருப்பினால் ஹாலின் பக்கச் சுவரில் டிவி தெரியும். ஒருவர் முகத்தைக் காதுப் பக்கமாகப் பார்க்கிற மாதிரிதான் தெரியும். அம்மா அத்தனை தொடர்களையும் அப்படியே பார்த்தவள்.

நான் தூணுக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தேன். எல்சிடியில் அந்தப் பெண் வெளிறிப் போயிருந்தாள். கறுப்புத் திரைச்சீலை பால் கலந்த மாதிரி இருந்தது. பிளாஸ்மாவில் பட்டு சிவப்பாகவே இருந்தது, கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

நோட்டைத் திறந்தேன். மூன்றாம் பக்கத்தில், என் கையெழுத்தில், ‘பக்கத்திலிருந்து பார்த்தால் எல்சிடி மங்கும், பிளாஸ்மா மங்காது’ என்று இருந்தது. நான் படிக்காமல் விட்ட விஷயமே இல்லை. அதன் மேல் ஒரு கோடு இழுத்து அடித்திருந்தேன். பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தேன். ‘நம் வீட்டில் எல்லோரும் நேராக உட்கார்ந்துதான் பார்க்கிறோம். தேவையில்லை.’

அந்த ‘எல்லோரும்’ என்பதில் இருந்தது அப்பாவும் நானும்.

விற்பனையாளர் பில் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். “எல்சிடியே போட்டுடலாமா பாப்பா?”

அப்பா என்னைப் பார்த்தார். ஸ்டாண்டில் இருந்த பத்துப் பேரும் அவர் பின்னால் நின்று பார்ப்பது போல எனக்கு இருந்தது.

“இல்லண்ணா. பிளாஸ்மா,” என்றேன்.

அப்பாவின் முகம் தீபாவளி ஆனது. “எடைக்குத்தானே?”

“எடைக்கு இல்லப்பா. அம்மா அடுப்புக்கு.”

நோட்டைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொன்னேன், அடித்த வரியையும் சேர்த்து. அவர் தூணைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு தானும் போய் அந்தத் தூணில் சாய்ந்து நின்று இரண்டு டிவியையும் பார்த்துவிட்டு வந்தார்.

“கரண்டு ஜாஸ்தி ஆகுமேம்மா?”

“கரண்டு இருக்கிற நேரமே கம்மி. அந்த நேரத்துலயாவது அம்மாக்குத் தெரியட்டும்.”

“வாசல் வெளிச்சம் விழும்னியே?”

“சாயங்காலம் கதவ ஒருக்களிச்சு வெச்சிக்கலாம்.”

“அப்ப சரி,” என்றார். இந்த முறை கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அன்றைக்கு அப்பாதான் பார்ட்டி

பொருள் வாங்குகிறவரை லோடு ஸ்டாண்டில் பார்ட்டி என்பார்கள். மறுநாள் அப்பாதான் பார்ட்டி. வழக்கம்போல அவரே தூக்கக் கிளம்பினார். ஸ்டாண்டில் யாரும் விடவில்லை.

“பார்ட்டி வீட்ல இருக்கணும். நீ போயி கதவத் தெற,” என்று சைக்கிளில் துரத்திவிட்டார்கள்.

பச்சையப்பன் சித்தப்பாவும் இன்னொருவரும் பெட்டியை நிமிர்த்தியபடியே, கண்ணாடி போட்ட பெரிய சாமி படத்தைக் கொண்டுவருகிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சந்துக்குள் பக்கவாட்டில் நடந்து வந்தார்கள். அப்பா ஹாலில் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். உட்கார முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவர் தோள் தானாக அசைந்தது. வாசற்படி வந்ததும், “ஏய், தலை இடிக்கும், தலை!” என்று எழுந்தே விட்டார்.

“உக்காருய்யா பார்ட்டி. எங்களுக்குத் தெரியும்.”

பெட்டியை இறக்கியதும் சித்தப்பா என் பக்கம் திரும்பினார். “இன்னாம்மா, நோட்டுல எல்சிடின்னு எழுதினு போயி பிளாஸ்மா வாங்கினு வந்தியாமே? பரீட்சைல பெயிலா?”

எனக்குக் காது சூடானது. இதற்குத்தான் பயந்திருந்தேன்.

அப்பா நாற்காலியிலிருந்தே பதில் சொன்னார். “தப்பா எழுதினா அடிச்சிட்டுத் திரும்ப எழுதலாம்னு பள்ளிக்கூடத்துலதான்டா சொல்லித் தராங்க. நீயும் நானும் போயிருந்தா நமக்கும் தெரிஞ்சிருக்கும்.”

சித்தப்பா தோள் துண்டை உதறினார். “அதுவும் சரிதான்,” என்றார்.

பக்கச் சுவர் வெளிச்சுவர் என்பதால் கனம் தாங்கும் என்று தட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். கடையிலிருந்து வந்தவர் துளை போட்டு மாட்டினார். அம்மா அடுப்பிலிருந்து, “இன்னும் கொஞ்சம் கீழ... போதும், போதும்,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாட்டி முடித்ததும் கண்ணாடியின் மூலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். கண்ணாடி தாங்கிக்கொண்டது.

வேலை முடிந்த பிறகு லோடு ஆட்கள் வாசலில் நின்று பின்மண்டையைச் சொறிவது ஒரு வழக்கம். காபிக்கு ஏதாவது கிடைக்கும். சித்தப்பாவும் போய் வாசலில் நின்று, முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். “பார்ட்டி... காபிக்கு...”

அப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இருபது வருஷமாக எத்தனை வாசல்களில் அவர் அப்படி நின்றிருப்பார்.

“உள்ள வந்து உக்காருங்கடா,” என்றார்.

அவர்கள் தயங்கினார்கள். வெறுந்தரையில் ஓரமாக உட்கார்ந்தார்கள். அம்மா தட்டு நிறையத் தட்டையும் டீயும் கொண்டுவந்தாள். இத்தனை வருஷத்தில் தாங்கள் இறக்கிய ஒரு டிவியின் முன்னால் உட்கார்ந்து, அது ஓடுவதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று சித்தப்பா சொன்னார். யாரோ கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை. புல் அவ்வளவு பச்சையாக இருந்தது.

அரைமணி நேரத்தில் கரண்டு போயிற்று. “பிளாஸ்மா எல்லாத்தையும் குடிச்சிடுச்சி,” என்றார் சித்தப்பா. வீடே சிரித்தது.

சத்தம் முன்னால், வெளிச்சம் பின்னால்

அடுத்து வந்தது கார்த்திகை தீபம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அன்று சாயங்காலம் ஒரே வேலைதான். மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பது. அம்மாவுக்கு அதுவும் கிடையாது. தீபத்தன்றுதான் பொரி உருண்டைக்குக் கடைகள் நெருக்கும். பொரி உருண்டைக்கு வெல்லப் பாகு வைத்துவிட்டால் அடுப்பை விட்டு நகர முடியாது. ஒரு நிமிஷம் முந்தினால் ஒட்டாது, ஒரு நிமிஷம் பிந்தினால் கல். அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தீபம் ஏற்றுகிற அந்த நொடியை அம்மா பார்த்ததில்லை. தெருவில் ‘அரோகரா’ என்று சத்தம் எழும். அடுப்பிலிருந்தே கரண்டியோடு கைகூப்புவாள். பாகை இறக்கிவிட்டு வந்து எரிகிற தீபத்தைப் பார்ப்பாள். மலை எங்கும் போகாதுதான், தீபமும் பல நாள் எரியும். ஆனாலும் அந்த நொடி வேறு.

அந்த வருஷம் நல்லவேளையாகக் கரண்டு இருந்தது. அப்பா மொட்டை மாடியில் நின்றார். நான் ஹாலில் இருந்தேன். டிவியில் நேரடி ஒளிபரப்பு. திரை முழுக்க இருட்டுகிற வானமும் மலை உச்சியும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மலையை நாங்கள் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திடீரென்று தெரு முழுக்க, ஊர் முழுக்க, “அரோகரா!” வெளியே தீபம் ஏறிவிட்டது. டிவியில் இன்னும் இருட்டு. வெளியில் நடப்பது டிவிக்கு வந்து சேரச் சில நொடிகள் ஆகும் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“ஏத்திட்டாங்களா? டிவில காணமே?” என்றாள் அம்மா. கழுத்தைத் திருப்பியபடி நின்றிருந்தாள்.

அப்புறம் வந்தது. கன்னங்கறுப்பில் ஒரு பொட்டு வெளிச்சம். அது நடுங்கிப் பெரிதாகி ஆரஞ்சு நிறத்தில் நிமிர்ந்தது. நான் டிவியைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தேன். கரண்டி கையில் அப்படியே இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

“சாம்பலாத் தெரியுதாம்மா?”

“இல்லடி. நெருப்பாவே தெரியுது.”

அந்தத் தடவை பாகு முற்றிவிட்டது. உருண்டைகள் கல்லாகிவிட்டன. கடைக்குக் கொடுக்க முடியாது. அம்மா அதற்குக் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. அந்த மாதம் முழுக்க நாங்கள் மூன்று பேரும் அவற்றை அம்மிக்குழவியால் உடைத்துத் தின்றோம்.

கழுத்துக்கு ஓய்வு

சில வருஷங்களில் பிளாஸ்மா செய்வதையே கம்பெனிகள் நிறுத்திவிட்டன. “உன் பிளாஸ்மா தோத்துப் போச்சேம்மா,” என்று சித்தப்பா எப்போது வந்தாலும் சொல்வார். எங்கள் வீட்டில் அது தோற்கவில்லை. நான் விடுதியை விட்டு வேறு வேலைக்குப் போனேன், அப்பா தூக்குவதை நிறுத்திவிட்டு ஒரு கடையின் குடோனுக்குக் காவலாக உட்கார்ந்தார், தொடர்கள் தொடங்கி முடிந்தன. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை விபூதித் துடைப்பு வாங்கிக்கொண்டு அது ஓடிக்கொண்டே இருந்தது.

போன மாதம் ஒரு சாயங்காலம் லேசாக ஒரு சத்தம், அவ்வளவுதான். பழுது பார்ப்பவர் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, இதற்குச் சாமான் கிடைக்காது என்று மூடினார்.

அப்பா என்னோடு புது டிவி பார்க்க வந்தார். இப்போதைய டிவியை ஒரே கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, “எல்சிடியாவது அப்ப கொஞ்சம் கனமா இருந்துச்சி,” என்றார். நான் பக்கத்திலிருந்து, சுவர் ஓரத்திலிருந்து, எல்லா மூலையிலிருந்தும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். இந்த முறை புது நோட்டில் முதல் வரியே ‘அம்மா நிற்கும் இடம்’.

வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் நின்று, வலப்பக்கக் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“டிவி போனது ஒரு விதத்துல நல்லதுடி. கழுத்துக்கு ரெஸ்ட்டு.”

நோட்டை மூடி வைத்தேன். இரண்டாவது தடவையும் அதே தப்பைச் செய்ய இருந்தேன். அம்மா நிற்கிற மூலைக்கு ஏற்ற டிவியைத் தேடி ஊரெல்லாம் அலைகிறேன். அந்த மூலையை யாரும் கேள்வி கேட்கவில்லை.

எந்த டிவி என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கொத்தனாரை மட்டும் நேற்று வரவழைத்துவிட்டேன். அடுப்புக்கு எதிரே இருந்த சுவரில் இடுப்பு உயரத்துக்கு மேல் பாதியை இடித்தாயிற்று. “தாளிப்பு வாசன ஹால் பூரா வரும்டி, வர்றவங்க இன்னா சொல்வாங்க,” என்று அம்மா கடைசி வரை தடுத்துப் பார்த்தாள். அப்பா செங்கற்களை ஒவ்வொன்றாகத் தெருவுக்குச் சுமந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு துண்டைச் சும்மாடு சுருட்டியிருந்தார்.

ஹாலின் எதிர்ச் சுவர் ஓரம் இருந்த பீரோவை நகர்த்தினோம். புது டிவி அங்கேதான் வரும். சரியாகத் தெரியுமா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அப்பா போய் அந்த இடத்தில் நிமிர்ந்து நின்றார். தலையிலிருந்து கால்வரை செங்கல் தூசி.

அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றாள். பழக்கத்தில் கழுத்து வலப்பக்கம் போயிற்று. நான் அவள் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பினேன்.

“தெரியுதாம்மா?”

அம்மா கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத் தெரியுது,” என்றாள். “மூஞ்சிதான் சாம்பல் பூசின மாதிரி இருக்குது.”